டிகிரி இருக்கு, படிச்ச வேலை எங்கே? திட்டக்குடி பட்டதாரிகள் முதல் படியிலேயே நிற்பது ஏன்? முழு விவரம்

பி.இ. மெக்கானிக்கல் முடித்தவர் மொபைல் கடையில் நிற்கிறார். எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர் தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருக்கிறார். பி.காம். முடித்தவர் மூன்றாவது முறையாக குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் திட்டக்குடி வட்டாரத்தில் இது பழகிப்போன காட்சி.

இவர்களில் பலர் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறார்கள். ஆனால் படித்த துறையில், அனுபவம் இல்லாதவரைச் சேர்த்துக்கொண்டு வேலை கற்றுத்தரும் அந்த 'முதல் வேலை' மட்டும் கிடைப்பதில்லை. அது ஏன் கிடைப்பதில்லை? அரசு என்ன தருகிறது? படிப்பை முடித்தவர்கள் என்ன செய்யலாம்?

சுருக்கமாக

- தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் இளைஞர்கள் நூற்றுக்கு 47 பேர். நாட்டின் சராசரி 28.4 (உயர்கல்வி கணக்கெடுப்பு 2021-22).
- இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களைவிட பட்டதாரி இளைஞர்களிடம்தான் வேலையின்மை பல மடங்கு அதிகம்.
- 2025 குரூப் 4 தேர்வில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13.89 லட்சம் பேர்.
- பட்டதாரிக்கான தமிழக அரசின் வேலையில்லா உதவித்தொகை மாதம் ரூ.600.

திட்டக்குடியின் நிலை என்ன?

வெள்ளாற்றங்கரையில் இருக்கும் ஊர் திட்டக்குடி. மாவட்டத் தலைநகரான கடலூருக்கு சுமார் 90 கி.மீ. போக வேண்டும். ரயில் ஏற பெண்ணாடம் போக வேண்டும். வெலிங்டன் நீர்த்தேக்கப் பாசனம், மக்காச்சோளம், பருத்தி, கரும்பு என விவசாயத்தை நம்பிய பகுதி இது.

சட்டமன்றத்தில் இது தனித்தொகுதி. இங்கிருந்து 2016, 2021 தேர்தல்களில் வென்ற சி.வெ.கணேசன்தான் 2021-ல் அமைந்த அரசில் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சரானார். வேலைவாய்ப்பு அலுவலகம், ஐ.டி.ஐ., வேலைவாய்ப்பு முகாம் எல்லாமே இந்தத் துறையின் கீழ் வருபவை. அந்தத் துறைக்கு 2021-ல் அமைச்சரானவரின் தொகுதி என்பதால், பட்டதாரி வேலைவாய்ப்பு பற்றிய கேள்வி இங்கே கூடுதல் அழுத்தத்துடன் எழுகிறது.

படிப்புக்கு வழி இருக்கிறது. திட்டக்குடியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து கல்லூரி சேரும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது.

கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விட இத்தனை ஏற்பாடு இருக்கிறது. கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகுதான் பாதை குறுகிவிடுகிறது.

உள்ளூரில் தொழிற்சாலைகளே இல்லையா?

இருக்கின்றன. ஆனால் பட்டதாரியைப் புதிதாக எடுத்து வளர்க்கும் இடங்கள் குறைவு.

இந்த வட்டாரத்தில் இறையூரிலும் ஏ.சித்தூரிலும் ஓடிய தனியார் சர்க்கரை ஆலைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயின. ஒரு சர்க்கரை ஆலை ஓடினால் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், வேதியியல், வணிகவியல் என பல படிப்புகளுக்கு உள்ளூரிலேயே தொடக்கநிலை வேலை இருக்கும். கரும்பு அலுவலராக விவசாயப் பட்டதாரிக்கும் இடம் இருக்கும். ஆலை நின்றதும் கரும்பு விவசாயிக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் படித்த பிள்ளைக்கும் ஒரு கதவு மூடியது.

கடலூர் கடற்கரையில் கட்டப்பட்டு வந்த நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயலில் சேதமடைந்தது. கடைசி வரை அது உற்பத்தியைத் தொடங்கவே இல்லை. அதை நம்பி படிப்பைத் தேர்வு செய்தவர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்காவும் காலணி உற்பத்தித் திட்டமும் தொடங்கிவைக்கப்பட்டன. வட்டாரத்துக்கு இது பெரிய வாய்ப்புதான். ஆனால் காலணித் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி வேலை தையல், ஒட்டுதல், மோல்டிங் போன்ற உற்பத்திப் பிரிவு வேலை. அதற்கு டிகிரி தேவையில்லை. வேலை வேண்டும் என்று டிகிரி முடித்தவரும் அதில் சேரலாம், பலர் சேர்கிறார்கள். அப்போது அந்த மூன்று, நான்கு ஆண்டுப் படிப்பு பயன்படாமலே போகிறது.

நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கு?

கடலூர் மாவட்டத்தில் எந்த வீட்டில் பொறியியல் மாணவர் இருந்தாலும் எழும் கேள்வி இது. 1956-ல் தொடங்கிய என்.எல்.சி. நிறுவனம் மாவட்டத்தின் மிகப் பெரிய வேலை தரும் இடம்.

ஆனால் பொறியாளர் பணிக்கான 'பட்டதாரி நிர்வாகப் பயிற்சியாளர்' தேர்வு அகில இந்திய அளவில், கேட் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நடப்பது. 2022-ல் சுமார் 300 இடங்களுக்கு இப்படி ஆள் எடுத்தபோது, தமிழகத்தில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு கிளம்பியது. நிலம் கொடுத்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை எங்கே என்பதுதான் கேள்வி.

இங்கே இன்னொரு வழியும் உண்டு. அதுதான் அப்ரண்டிஸ் எனப்படும் தொழில் பழகுநர் பயிற்சி. என்.எல்.சி. பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் ஓராண்டுப் பயிற்சிக்கு எடுக்கிறது. ஆனால் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. கையில் சான்றிதழும் ஓராண்டு அனுபவமும் மிஞ்சும். அதை வைத்து வெளியே வேலை தேட வேண்டும்.

வேலையே இல்லையா, படித்த வேலை இல்லையா?

இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் அரசுப் புள்ளிவிவரமும் வீட்டு நிலைமையும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது புரியும்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், பொறியியல் முடித்து மொபைல் கடையில் நிற்பவர் 'வேலையில் இருப்பவர்'. வீட்டில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்கு மட்டும் படிப்பவர், வேறு வேலை எதுவும் தேடவில்லை என்றால், 'வேலையில்லாதவர்' பட்டியலிலேயே வரமாட்டார். அவர் உழைப்புச் சந்தைக்கு வெளியே இருப்பவராகக் கணக்கிடப்படுவார். ஆக, இந்தச் செய்தியின் தொடக்கத்தில் சொன்ன மூன்று பேரில் ஒருவர்கூட வேலையில்லாதவர் கணக்கில் வராமல் போகலாம்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2024-ம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை சொல்லும் கணக்கு இது: 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடம் வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் 3.4 சதவீதம்.

படிக்காதவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களால் காத்திருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார்கள். பட்டதாரி கொஞ்ச காலம் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புதான் 29.1 என்ற எண்ணாகத் தெரிகிறது. காத்திருந்து களைத்தவர்கள் தகுதிக்குக் கீழான வேலையில் சேர்கிறார்கள். இந்தியப் பட்டதாரிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த நிலையில் இருப்பதாக 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிடுகிறது.

எந்தப் படிப்புக்கு எங்கே அடைப்பு?

பொறியியல்: மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் போன்ற பிரிவுகளில், இயந்திரத்தை இயக்கும் வேலைக்கு நிறுவனங்கள் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களைத்தான் விரும்புகின்றன. சம்பளம் குறைவு, கைவேலை தெரியும். மேற்பார்வை வேலைக்கோ இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பி.இ. முடித்து நேராக வருபவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

கலை, அறிவியல்: பி.ஏ., பி.எஸ்சி. பட்டத்துக்கு நேரடியான 'துறை வேலை' என்பது பெரும்பாலும் ஆய்வகம், கற்பித்தல், அரசுப் பணி. திட்டக்குடி அளவிலான ஊரில் ஆய்வகம் கிடையாது. எனவே மருத்துவமனை பில்லிங், கால் சென்டர், நுண்கடன் வசூல், விற்பனைப் பிரதிநிதி என்று போகிறார்கள். பி.காம். படித்தவருக்குக் கொஞ்சம் வழி உண்டு. டேலி, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் கற்றிருந்தால் ஆடிட்டர் அலுவலகத்திலோ கடையிலோ தொடக்கநிலை வேலை கிடைக்கும்.

பி.எட்.: பட்டம் மட்டும் போதாது. டெட் தேர்ச்சி வேண்டும். டெட் தேர்ச்சியும் போதாது. 2018-ல் வந்த அரசாணை 149-ன்படி, நியமனத்துக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். 2013-ல் டெட் தேர்ச்சி பெற்றவர்கள் பணி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியது இதனால்தான்.

முதுகலை, முனைவர் பட்டம்: அரசுக் கல்லூரிகளில் நிரந்தர உதவிப் பேராசிரியர் இடங்கள் நிரம்பாமல் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பு நடக்கிறது. அவர்களின் தொகுப்பூதியம் மாதம் ரூ.20,000-ஆக இருந்து பின்னர் ரூ.25,000-ஆக உயர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வகுத்த உச்ச அளவு ரூ.50,000. 2019-ல் 2,331 இடங்களுக்கு வந்த அறிவிப்பு ரத்தானது. 2024-ல் 4,000 இடங்களுக்கு வந்த அறிவிப்பின் தேர்வும் தள்ளிப்போனது.

கடலூர் மாவட்டத்துக்கு இதில் தனிக் கதை ஒன்றும் இருக்கிறது. நிதி நெருக்கடியில் சிக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அங்கே தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களின் வேலை காப்பாற்றப்பட்டது. ஆனால் புதிதாகப் படித்து வந்தவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய காலியிடங்களில் ஒரு பகுதி அப்படியே நிரம்பியது.

ஐடி வேலைக்குப் போகலாமே?

பத்தாண்டுகளுக்கு முன்பு எந்தப் பிரிவில் பொறியியல் படித்தாலும் கடைசி நம்பிக்கை ஐடி. அந்த வாசலும் இப்போது சுருங்கியிருக்கிறது. டிசிஎஸ் நிறுவனம் 2021-22-ல் சுமார் 1 லட்சம் ஃப்ரெஷர்களை எடுத்தது. அடுத்த ஆண்டு அது சுமார் 44,000 ஆனது. 2024-25-ல் சுமார் 42,000. 2025 ஜூலையில் 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது.

ஃப்ரெஷர் சம்பளமும் ஆண்டுக்கு ரூ.3 லட்சத்தைச் சுற்றியே பல ஆண்டுகளாக நிற்கிறது. கேம்பஸ் தேர்வுக்கு பெரிய நிறுவனங்கள் வரும் கல்லூரிகளின் பட்டியலில் கிராமப்புறக் கல்லூரிகள் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஏஐ-யின் தாக்கமும் முதல் படியில்தான் முதலில் தெரிகிறது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஏஐ அதிகம் நுழைந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. புதியவர் செய்து பழகும் சின்னச் சின்ன வேலைகளைத்தான் ஏஐ முதலில் எடுத்துக்கொள்கிறது.

இது இந்தியாவுக்கு மட்டுமான பிரச்னையும் இல்லை. சீனாவில் 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டதும், அந்த எண்ணை வெளியிடுவதையே அரசு சில மாதங்கள் நிறுத்திவைத்தது. இலங்கையில் பட்டதாரிகள் அரசு வேலை கேட்டுப் போராடுவதும், அரசு அவர்களை மொத்தமாகப் பயிலுநர்களாகச் சேர்ப்பதும் பல ஆண்டு வழக்கம். 2020-லும் மாதம் ரூ.20,000 உதவித்தொகையில் பல்லாயிரம் பேர் சேர்க்கப்பட்டனர்.

குரூப் 4: 3,935 இடம், 13.89 லட்சம் பேர்

துறை வேலை கிடைக்காதபோது எல்லாரும் திரும்பும் இடம் டிஎன்பிஎஸ்சி. குரூப் 4 தேர்வுக்குத் தேவையான கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான். ஆனால் எழுதுபவர்களில் இளங்கலை, முதுகலை, பொறியியல் பட்டதாரிகள் ஏராளம்.

- 2022: அறிவிப்பில் 7,301 இடங்கள், விண்ணப்பம் சுமார் 22 லட்சம். (இடங்கள் பின்னர் 10,000-க்கு மேல் உயர்த்தப்பட்டன.)
- 2024: அறிவிப்பில் 6,244 இடங்கள், விண்ணப்பம் 20 லட்சத்துக்கும் மேல்.
- 2025: அறிவிப்பில் 3,935 இடங்கள், விண்ணப்பம் 13.89 லட்சம்.

அறிவிப்பு எண்ணை வைத்துப் பார்த்தால் 2025-ல் ஓர் இடத்துக்கு சுமார் 350 பேர். காலமும் ஒரு விலைதான். 2022 ஜூலையில் நடந்த தேர்வுக்கு முடிவு வந்தது 2023 மார்ச் மாதம். ஒரு தேர்வுக்குப் படிக்க ஓராண்டு, முடிவுக்கு எட்டு மாதம் என்று கணக்குப் போட்டால், இரண்டு முயற்சியிலேயே 21 வயது பட்டதாரி 24-ஐத் தாண்டிவிடுவார்.

அதன் பிறகு தனியார் துறைக்குப் போனால் அடுத்த கேள்வி வரும்: "டிகிரி முடிச்சு இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" ஃப்ரெஷர் வேலைக்குப் பல நிறுவனங்கள் அந்த ஆண்டோ முந்தைய ஆண்டோ படிப்பை முடித்தவர்களைத்தான் கேட்கின்றன. அனுபவம் கேட்கும் வேலைக்கு அனுபவம் இல்லை. ஃப்ரெஷர் வேலைக்கு வயது கூடிவிட்டது.

வெளியூர் போனால் சரியாகிவிடுமா?

சென்னை, ஓசூர், கோவை, திருப்பூர் போனால் வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்கும் முதலீடு வேண்டும். மாதம் ரூ.15,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். விடுதி வாடகை, சாப்பாடு, போக்குவரத்து போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம். கல்விக்கடன் இருந்தால் அதுவும் போய்விடும்.

வேலை தேடும் மாதங்களில் சம்பளமே இருக்காது. நகரத்தில் சொந்த வீடோ உறவினர் வீடோ உள்ளவர், குறைந்த சம்பள துறை வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு அனுபவம் சேர்த்துவிடுவார். திட்டக்குடியிலிருந்து போகும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த இரண்டு ஆண்டைத் தாங்கப் பணம் இருக்காது. அதிகச் சம்பளம் தரும் டெலிவரி வேலைக்கோ, ஊருக்கே திரும்பவோ நேர்கிறது. பெண்களுக்கு விடுதிச் செலவோடு, வீட்டில் அனுமதி, கல்யாணப் பேச்சு என்று இன்னும் இரண்டு தடைகள் சேர்கின்றன.

அரசு என்ன தருகிறது?

உதவித்தொகை: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் ரூ.600, மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு 40, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45. மாற்றுத்திறனாளிப் பட்டதாரிக்கு ரூ.1,000, பதிவு செய்து ஓராண்டு ஆனாலே போதும். 21 வயதில் பதிவு செய்த பட்டதாரிக்கு முதல் ரூ.600 கிடைக்கும்போது வயது 26 ஆகியிருக்கும். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் ரூ.21,600.

நான் முதல்வன்: 2022 மார்ச் 1-ல் தொடங்கிய திட்டம். கல்லூரியில் படிக்கும்போதே திறன் பயிற்சி தருகிறது. பயிற்சியைத் தாண்டி, வேலை கிடைத்ததா, படித்த துறையில் கிடைத்ததா என்பதுதான் இதை அளக்கும் கோல்.

நாட்ஸ்: மத்திய அரசின் தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம். முதல் வேலைச் சிக்கலுக்கு மிக நெருக்கமான தீர்வு இதுதான். 2019 விதிகளின்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000 என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. பொறியியலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகளும் சேரலாம்.

பிரதமர் இன்டர்ன்ஷிப்: 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. முன்னணி 500 நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி. தொடங்கியபோது மாதம் ரூ.5,000, வயது 21 முதல் 24.

டிகிரி முடிச்சாச்சு, இப்போ என்ன செய்யலாம்?

1. படிப்பை முடித்தவுடன் நாட்ஸ் தளத்தில் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பட்டம் பெற்று சில ஆண்டுகள் ஆனவர்களைப் பல நிறுவனங்கள் பழகுநராக ஏற்பதில்லை. என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவை பழகுநர் அறிவிப்புகளை வெளியிடுகின்றன. தென் மண்டலத்துக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.

2. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை விட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு மூப்பு போகும், உதவித்தொகைத் தகுதியும் போகும்.

3. அரசுத் தேர்வுக்கு ஒரு கெடு வையுங்கள். எத்தனை முயற்சி, எந்த வயது வரை என்று முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு. தமிழ் வழியில் படித்தவர்கள் 20 சதவீத இட ஒதுக்கீட்டுக்கான சான்றிதழைப் பள்ளியிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

4. படிக்கும் காலத்தில் பகுதிநேரமாகவாவது துறை வேலை பாருங்கள். ஆடிட்டர் அலுவலகம், கட்டட ஒப்பந்ததாரர், உர நிறுவனத்தின் களப்பணி என எதுவாக இருந்தாலும், எழுத்துபூர்வமான அனுபவச் சான்று வாங்குங்கள். 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்ற கேள்விக்கு அதுதான் முதல் பதில்.

5. பணம் கேட்டால் விலகுங்கள். வேலை தருவதற்கு முன்பணம், டெபாசிட், லேப்டாப் கட்டணம் என்று கேட்பது மோசடியின் முதல் அடையாளம். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், 2022-ல் மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்டனர். வெளிநாட்டு வேலை என்றால் மத்திய அரசில் பதிவு பெற்ற முகவரா என்று சரிபாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். இணையத்தில் பணம் இழந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

அடுத்து கவனிக்க வேண்டியது என்ன?

புதிய தொழிற்பூங்கா அறிவிக்கப்படும்போது 'இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை' என்ற எண்தான் தலைப்புச் செய்தியாகிறது. அதில் பட்டதாரிகளுக்கான தொடக்கநிலைப் பணி எத்தனை, பழகுநர் இடம் எத்தனை, பயிற்சி முடிந்ததும் எத்தனை பேர் நிரந்தரம் ஆவார்கள் என்ற விவரம் பெரும்பாலும் வெளியாவதில்லை. கல்லூரிகளும் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்று சொல்கின்றன. ஓராண்டு கழித்து எத்தனை பேர் படித்த துறையில் இருக்கிறார்கள் என்று சொல்வதில்லை.

அரசுக் கல்லூரிகள் அந்த விவரத்தைத் துறை வாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால், பிளஸ் 2 முடித்து எந்தப் படிப்பு சேரலாம் என்று யோசிக்கும் திட்டக்குடி மாணவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும். அதுவரை, கல்லூரியில் சேரும் நாளிலேயே பெற்றோரும் மாணவரும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "போன வருஷம் இந்த டிபார்ட்மென்ட்டில் படிச்சு முடிச்சவங்க இப்போ எங்கே வேலை பார்க்கிறாங்க?"